எக்ஸாசர்பேட்: இருக்கிற கோளாறைக் கூட்டிவிடும் ஆங்கில வினையைப் பிழையில்லாமல் கையாள ஒரு முழுமையான வழிகாட்டி

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மின்னஞ்சல் எழுதினேன். ஒரு வேலை தாமதமாகி, அதனால் இன்னும் நான்கு வேலைகள் சிக்கிக்கொண்டிருந்தன. 'நிலைமை மோசமாகிவிட்டது' என்று சொல்ல வேண்டும். 'வொர்ஸ்' என்று எழுதினால் பள்ளிப் பிள்ளை எழுதியது போல் இருக்குமே என்று கூச்சம். அந்த வாரம்தான் ஒரு செய்திக் கட்டுரையில் 'எக்ஸாசர்பேட்' என்ற சொல்லைப் பார்த்திருந்தேன். 'த சிச்சுவேஷன் எக்ஸாசர்பேட்டட்' என்று எழுதி, அனுப்பும் முன் மேலதிகாரியிடம் காட்டினேன். அவர் அந்தச் சொல்லைப் பென்சிலால் சுழித்துவிட்டுப் பக்கத்தில் ஒரே ஒரு சொல் எழுதினார்: 'எதை?'

எனக்கு அன்று புரியவில்லை. புரிந்தபோது, இந்த வினையின் இலக்கணம் முழுக்க அந்த ஒற்றைக் கேள்விக்குள் இருப்பது தெரிந்தது. நான் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்ட வரிசையிலேயே கீழே எழுதுகிறேன்.

படி 1: முதலில் வாய்க்குப் பழக்குங்கள்

நான்கு அசைகள்: இக் – ஸா – சர் – பேட். அழுத்தம் இரண்டாவது அசையில், 'ஸா'வில். பலர் முதல் அசையை அழுத்தி 'எக்ஸ்' என்று இழுத்துவிட்டு மீதியை விழுங்கிவிடுகிறார்கள். இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. பரீட்சைக்கு நாம் சொல்லும் 'எக்ஸாம்' என்ற சொல்லும் இதே ஒலியில்தான் தொடங்குகிறது. 'எக்ஸாம்' என்று ஆங்கிலத்தில் சரியாகச் சொல்லத் தெரிந்தவருக்கு இந்தச் சொல்லின் பாதி ஏற்கெனவே வந்துவிட்டது. அங்கே வரும் 'ஸ' பாம்பு சீறுவதைப் போன்றதல்ல, தேனீ ரீங்கரிப்பதைப் போன்றது. தொண்டையில் விரலை வைத்தால் அதிர்வு தெரிய வேண்டும். அடுத்து வரும் 'சர்' என்பதுதான் சீறும் ஒலி.

எழுத்துகள் பத்து: இ, எக்ஸ், ஏ, சி, இ, ஆர், பி, ஏ, டி, இ. 'சர்' என்று ஒலிப்பதால் அங்கே 'எஸ்' போடத் தோன்றும். அது 'சி'. வேரைத் தெரிந்துகொண்டால் அந்த 'சி' மறக்காது.

படி 2: வேரில் ஒரு காயைக் கடித்துப் பாருங்கள்

லத்தீனில் 'அசெர்புஸ்' என்று ஒரு சொல். பழுக்காத காயைக் கடித்தால் நாக்கு இழுத்துக்கொள்ளுமே, அந்தச் சுவைக்கான சொல். அப்புறம் கடுமையான பேச்சுக்கும் கசப்பான அனுபவத்துக்கும் அதுவே போயிற்று. அதன் முன்னே 'எக்ஸ்' சேரும்போது 'முழுக்க முழுக்க' என்ற அழுத்தம் வருகிறது. ஆக மொத்தம், கடுப்பாக இருப்பதை இன்னும் கடுப்பாக்குவது. 'ஆசிட்', 'அக்யூட்' போன்ற சொற்களும் இதே குடும்பம்தான். கூர்மை என்ற பொருள் தரும் ஒரு பழைய வேரிலிருந்து எல்லாம் கிளைத்தன. ஆங்கிலத்துக்கு முதலில் வந்தது பெயர்ச்சொல்தான். 'எக்ஸாசர்பேஷன்' 1400 வாக்கிலேயே வந்துவிட்டது. வினைச்சொல் 17ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் எழுத்தில் தலைகாட்டுகிறது.

இங்கே கொஞ்சம் நின்று ஒன்றைச் சொல்ல ஆசை. நாமும் இதே விஷயத்துக்குக் காயைத்தான் எடுத்துக்கொள்கிறோம், ஆனால் எதிர்முனையிலிருந்து. நோய் *முற்றியது*, சண்டை *முற்றியது*, பைத்தியம் *முற்றிவிட்டது* என்கிறோம். லத்தீன்காரருக்குப் பழுக்காத காயின் துவர்ப்பு, நமக்கு முற்றிய காயின் கடினம். இதில் வேடிக்கைக்கு மேலும் ஒன்று இருக்கிறது. 'முற்றியது' என்னும்போது நோய் தானாக முற்றுகிறது, யாரும் முற்ற வைப்பதில்லை. ஆங்கிலச் சொல்லிலோ, யாரோ அல்லது எதுவோ அதைச் செய்தாக வேண்டும். என் மின்னஞ்சல் சறுக்கியதும் இந்த இடத்தில்தான்.

படி 3: முன்பே ஒரு கேடு இருக்கிறதா என்று பாருங்கள்

இந்த வினை எதையும் புதிதாகத் தொடங்கிவைப்பதில்லை. எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றுவது போல என்கிறோம் இல்லையா, அதில் கொள்ளி முதலிலேயே எரிந்துகொண்டிருக்க வேண்டும். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதற்கும் முதலில் புண் வெந்திருக்க வேண்டும். இந்த இரண்டு வழக்குகளும் மனதில் இருந்தால், அகராதி சொல்வதில் முக்கால்வாசி கைக்கு வந்துவிடும்.

ஒருவருக்கு ஆஸ்துமா இருக்கிறது. தூசியால் அது அதிகமாகிறது. 'டஸ்ட் எக்ஸாசர்பேட்ஸ் ஹிஸ் ஆஸ்துமா.' சரி. நன்றாக இருந்தவருக்குத் தூசியில் நின்றதால் தும்மல் வந்தது என்றால் 'காஸ்ட்', அதாவது உண்டாக்கியது. அங்கே எக்ஸாசர்பேட்டுக்கு வேலை இல்லை. இரண்டும் ஒன்றுபோல் தோன்றினாலும், ஒரு அறிக்கையில் இந்த வித்தியாசம் பெரியது. 'புதிய விதி பற்றாக்குறையை உண்டாக்கியது' என்பது ஒரு குற்றச்சாட்டு. 'இருந்த பற்றாக்குறையைக் கூட்டியது' என்பது அதைவிடச் சின்னக் குற்றச்சாட்டு. எழுதுகிறவர் எதைச் சொல்கிறார் என்பதை இந்த ஒரு வினையைத் தேர்ந்தெடுப்பதிலேயே காட்டிவிடுகிறார். வாசிக்கும்போதும் இதைக் கவனியுங்கள். ஒரு செய்தியில் இந்தச் சொல் வந்தால், 'பிரச்சினை முன்னாலேயே இருந்தது' என்று எழுதியவர் சத்தமில்லாமல் ஒப்புக்கொள்கிறார் என்று பொருள்.

இதிலிருந்தே அடுத்த கட்டுப்பாடும் வந்துவிடுகிறது. வினைக்குப் பின் வரும் சொல் ஒரு கேட்டின் பெயராக இருக்க வேண்டும். வலி, பதற்றம், பற்றாக்குறை, ஏற்றத்தாழ்வு, பகை, நெருக்கடி, வறட்சி, அறிகுறிகள். அதாவது 'பெய்ன்', 'டென்ஷன்ஸ்', 'ஷார்ட்டேஜ்', 'இன்ஈக்வாலிட்டி', 'கிரைசிஸ்', 'டிராட்', 'சிம்ப்டம்ஸ்' ஆகியவை இந்த வினையோடு ஒட்டியே திரிபவை. இவற்றில் நான்கைந்தை வினையோடு சேர்த்தே மனப்பாடம் செய்துவிட்டால் பாதிப் பிழைகள் ஓடிவிடும்.

நல்ல பொருளுக்கு இதைப் போடக் கூடாது. அவனுடைய தன்னம்பிக்கையை எக்ஸாசர்பேட் செய்தது என்று எழுதினால், வாசிப்பவர் தன்னம்பிக்கையை ஒரு நோயாக எண்ணிக்கொள்வார். அங்கே 'அண்டர்மைன்' வேண்டும், அதாவது அடியில் தோண்டுவது. தரம் குறைந்தது என்றால் 'டிகிரேட்' அல்லது 'லோயர்'. நடுநிலைச் சொற்களும் இதே கதைதான். 'எகானமி'யை எக்ஸாசர்பேட் செய்ய முடியாது, 'எகனாமிக் கிரைசிஸ்'ஸைச் செய்யலாம். 'கிளைமேட்' கூடாது, 'கிளைமேட் சேஞ்ச்' கூடும். 'சிச்சுவேஷன்' மட்டும் இதற்கு விலக்கு. அது கேட்டின் பெயர் அல்லதான். ஆனால் 'நிலைமை' என்று நாம் சொல்வதே பெரும்பாலும் மோசமான நிலைமையைத்தானே!

படி 4: 'ஆயிடுச்சா, பண்ணிடுச்சா?' என்று கேளுங்கள்

இப்போது அந்தப் பென்சில் சுழிப்புக்கு வருவோம்.

எக்ஸாசர்பேட் என்பது செயப்படுபொருள் குன்றா வினை. 'எதை?' என்ற கேள்விக்கு வாக்கியத்துக்குள்ளேயே பதில் இருந்தாக வேண்டும். 'தாமதம் நிலைமையை மோசமாக்கியது' என்பது சரி. 'நிலைமை மோசமாகியது' என்பதற்கு இந்த வினை வராது. 'ஆகு', 'ஆக்கு' என்று நாம் சின்ன வயதிலிருந்தே பிரித்துப் பேசுகிறோம். அப்படியும் ஆங்கிலம் எழுதும்போது அந்தப் பிரிவு மறந்துபோகிறது.

இலக்கணப் பெயரெல்லாம் நினைவில் நிற்காதவர்களுக்கு என்னிடம் ஒரு கைவைத்தியம் இருக்கிறது. நாம் ஆங்கில வினைகளைத் தமிழுக்குள் இழுத்துப் பேசும்போது, பின்னால் 'ஆயிடுச்சு' அல்லது 'பண்ணிடுச்சு' ஒட்டுகிறோம். அதையே சோதனையாக வைத்துக்கொள்ளுங்கள். சொல்ல வந்தது 'ஆயிடுச்சு' வகை என்றால் எக்ஸாசர்பேட்டைத் தொடாதீர்கள். 'பண்ணிடுச்சு' வகை என்றால் தாராளமாக எடுங்கள்.

இந்தச் சோதனையில் மற்ற வினைகளும் வரிசையாக விழுந்துவிடுகின்றன. 'டிடீரியரேட்' அநேகமாக எப்போதும் 'ஆயிடுச்சு' கட்சி: உடல்நிலை டிடீரியரேட் ஆகும், அதை யாரும் டிடீரியரேட் பண்ணுவது அரிது. 'வொர்ஸன்' இரண்டு கட்சிக்கும் போகும்: நிலைமையும் வொர்ஸன் ஆகும், மழையும் நிலைமையை வொர்ஸன் பண்ணும். எக்ஸாசர்பேட், 'பண்ணிடுச்சு' கட்சியை விட்டு அசையாது.

என் பழைய வாக்கியத்தை இரண்டு வழியில் சரிசெய்யலாம். ஒன்று, காரணத்தை எழுவாயாக்குவது: 'த டிலே எக்ஸாசர்பேட்டட் த சிச்சுவேஷன்.' இன்னொன்று, செயப்பாட்டு வினை: 'த சிச்சுவேஷன் வாஸ் எக்ஸாசர்பேட்டட் பை த டிலே.' நடுவில் நுழைந்த 'வாஸ்' சின்னச் சொல்தான், ஆனால் அது இல்லாததால்தான் என் தாளில் பென்சில் பட்டது. காரணத்தைச் சொல்ல விருப்பம் இல்லை என்றால் இந்தச் சொல்லே வேண்டாம். 'த சிச்சுவேஷன் ஹாஸ் வொர்ஸண்ட்' என்று போட்டுவிட்டுப் போகலாம், யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள்.

படி 5: எழுவாயில் யாரை உட்கார வைப்பது?

பெரும்பாலும் ஆளை வைக்க மாட்டார்கள். ஒரு நிகழ்வு, தாமதம், கொள்கை, பழக்கம், வானிலை, இப்படி ஏதாவது ஒன்று. 'லேக் ஆஃப் ஸ்லீப் எக்ஸாசர்பேட்டட் ஹெர் ஹெட்ஏக்ஸ்', அதாவது தூக்கமின்மை அவளுடைய தலைவலியைக் கூட்டியது. ஆளை வைத்தால், அவர் எதைச் செய்து கெடுத்தார் என்பதைப் பின்னால் 'பை' போட்டுச் சொல்வது வழக்கம்: 'ஹி எக்ஸாசர்பேட்டட் த குவாரல் பை ஷௌட்டிங்.' கத்தியதால் சண்டையைப் பெரிதாக்கினான்.

அப்படி ஆளை வைத்தாலும், அவர் வேண்டுமென்றே செய்தார் என்ற தொனி இதில் கம்மி. நல்லது செய்யப் போய்க் கெடுத்தவர்களுக்குத்தான் இது கச்சிதம். அதனால்தான் இதன் முன்னால் 'ஒன்லி' அடிக்கடி வருகிறது: சமாதானம் செய்யப் போனான், 'பட் இட் ஒன்லி எக்ஸாசர்பேட்டட் த ப்ராப்ளம்.' பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை. வேண்டுமென்றே தூண்டிவிடுகிறவருக்கு 'இன்ஃபிளேம்', 'ஸ்டோக்' என்று வேறு சொற்கள் இருக்கின்றன. இரண்டுமே நெருப்பு சம்பந்தப்பட்டவை. 'ஸ்டோக்' என்றால் அடுப்பில் விறகைத் தள்ளித் தள்ளி எரிய விடுவது.

'ஃபர்தர் எக்ஸாசர்பேட்' என்று எழுதலாமா என்று கேட்பார்கள். 'இன்னும்' என்ற பொருள் வினைக்குள்ளேயே இருக்கும்போது எதற்கு இன்னொரு 'இன்னும்' என்று சிலர் அடிப்பார்கள். முன்பே ஒருமுறை மோசமாக்கப்பட்டதை மறுபடியும் மோசமாக்கும்போது அது பொருத்தம்தான் என்பது என் கருத்து. பழக்க தோஷத்தில் ஒவ்வொரு முறையும் ஒட்டுவதுதான் எரிச்சல்.

படி 6: ஒரே சாயல் உள்ளவர்களைப் பிரித்தறியுங்கள்

அதிகக் குழப்பம் இங்கேதான், அதனால் நிதானமாகப் போவோம்.

முதலில் 'இக்ஸா' என்று தொடங்கும் மூவர்: எக்ஸாசர்பேட், எக்ஸாஸ்பரேட், எக்ஸாஜரேட். காதில் மூன்றும் அண்ணன் தம்பி போல இருக்கும். வேரில் மூன்றும் வேறு. எக்ஸாஸ்பரேட்டின் உள்ளே இருப்பது 'அஸ்பெர்', சொரசொரப்பு என்று பொருள். சொரசொரப்பான எதையாவது ஒருவர் மேல் ஓயாமல் தேய்த்தால் என்ன ஆகும்? பொறுமை போகும். அதுதான் பொருள், ஒருவரைப் பொறுமையிழக்கச் செய்வது. எக்ஸாஜரேட்டின் உள்ளே இருப்பது 'அக்கெர்', அதாவது குவியல். இருப்பதன் மேல் குவித்துக் குவித்துச் சொல்வது, மிகைப்படுத்துவது.

ஆகவே எக்ஸாஸ்பரேட்டுக்குப் பின் ஆள் வருவார், எக்ஸாசர்பேட்டுக்குப் பின் கோளாறு வரும், எக்ஸாஜரேட்டுக்குப் பின் பேச்சில் பெரிதாக்கப்பட்ட விஷயம் வரும். 'உன் நடத்தை என்னை எக்ஸாசர்பேட் செய்கிறது' என்று ஒருவர் எழுதியிருந்ததைப் பார்த்தேன். தன்னையே ஒரு நோயாக அறிவித்துக்கொண்டார் பாவம். ஒருவர் தலைவலியை எக்ஸாஜரேட் செய்தால் அவருக்கு வலி அவ்வளவு இல்லை, சொல்வதுதான் அதிகம். எக்ஸாசர்பேட் செய்தால் வலி நிஜமாகவே கூடிவிட்டது. விடுப்புக் கடிதத்தில் இந்த இரண்டையும் மாற்றிப் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்து 'அக்ரவேட்'. இதுதான் எக்ஸாசர்பேட்டுக்கு மிக நெருங்கிய உறவு, பல இடங்களில் ஒன்றுக்குப் பதில் மற்றது நிற்கும். உள்ளே இருப்பது 'கிராவிஸ்', கனம். கனத்தைக் கூட்டுவது. காயம்பட்ட முழங்காலோடு ஓடினால் காயத்தை அக்ரவேட் செய்கிறோம். சட்டத்தில் 'அக்ரவேட்டட் அசால்ட்' என்றால், ஆயுதம் வைத்திருந்தது போன்ற ஏதோ ஒன்று சேர்ந்து குற்றத்தின் கனத்தைக் கூட்டிவிட்டது என்று பொருள். இந்த இடத்தில் எக்ஸாசர்பேட்டட் என்று போட முடியாது, சட்டச் சொல் அப்படியே நிலைத்துவிட்டது. பேச்சு வழக்கில் அக்ரவேட்டுக்கு 'எரிச்சலூட்டு' என்ற பொருளும் 17ஆம் நூற்றாண்டிலிருந்தே உண்டு. அது தவறு என்று சொல்லும் கறார்க்காரர்கள் இன்றும் இருக்கிறார்கள். மூன்று நூற்றாண்டுக்கு மேலாக மக்கள் பேசிவருவதைத் தவறு என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் முறையான எழுத்தில் அந்தப் பொருளைத் தவிர்ப்பது புத்திசாலித்தனம், வீண் சண்டை மிச்சம்.

'காம்பவுண்ட்' என்றால் கூட்டு வட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிரச்சினையோடு இன்னொன்று சேர்ந்து, இரண்டும் கலந்து பெருகுவது. எக்ஸாசர்பேட்டில் அதே பிரச்சினை தீவிரமாகிறது, காம்பவுண்டில் புதிது ஒன்று வந்து ஒட்டிக்கொள்கிறது. பணம் தொலைந்தது, தேடப் போன இடத்தில் கைபேசியும் தொலைந்தது என்றால் காம்பவுண்ட். காய்ச்சலில் அலைந்து காய்ச்சல் ஏறியது என்றால் எக்ஸாசர்பேட்.

எதிர்ச்சொற்களையும் இங்கேயே முடித்துவிடலாம். கனத்தைக் கூட்டும் அக்ரவேட்டுக்கு எதிரில் 'அலீவியேட்' நிற்கிறது. அதற்குள் இருப்பது 'லெவிஸ்', லேசு. வலியையும் சுமையையும் லேசாக்குவது. எக்ஸாசர்பேட்டுக்கு எதிரே நான் வைக்க விரும்புவது 'மிட்டிகேட்'. கடுமையைத் தணிப்பது என்று பொருள், அதன் வேர் 'மிட்டிஸ்'. லத்தீனில் அது மென்மைக்கும் சாந்தத்துக்கும் உரிய சொல், கனிந்த பழத்துக்கும் அதையேதான் சொல்வார்கள். ஒன்று துவர்க்கும் காய், மற்றது கனிந்த பழம். இவ்வளவு அழகாகப் பொருந்தும் ஜோடியை எந்தப் பாடநூலிலும் எனக்கு யாரும் காட்டியதில்லை.

படி 7: மருத்துவச் சீட்டில் வந்தால்

வினையைவிடப் பெயர்ச்சொல் அதிகம் புழங்கும் இடம் மருத்துவமனை. 'அக்யூட் எக்ஸாசர்பேஷன்' என்று வீடு திரும்பும் நோயாளியின் சுருக்கக் குறிப்பில் பார்த்திருப்பீர்கள், குறிப்பாக ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களின் தாளில். பார்த்ததும் புதிதாக ஏதோ பெரிய நோய் வந்துவிட்டது என்று வீட்டில் எல்லோரும் மிரண்டுபோவது உண்டு. அது நோயின் பெயர் அல்ல. ஏற்கெனவே இருக்கும் நோயின் அறிகுறிகள் குறுகிய காலத்தில் வழக்கத்தைவிடக் கடுமையாகிவிட்டன என்பதற்கான பெயர். இருமல், மூச்சிரைப்பு, சளி எல்லாம் சட்டென்று கூடியிருக்கும். நம் பேச்சில் 'நோய் கிளம்பிடுச்சு' என்போமே, கிட்டத்தட்ட அது. ஆங்கிலத்தில் நோயாளிகள் இதையே 'ஃபிளேர்-அப்' என்பார்கள். படி 3-இல் பார்த்த விதி இங்கும் அப்படியே பொருந்துகிறது: முன்பே நோய் இல்லாதவருக்கு எக்ஸாசர்பேஷன் வராது.

மருத்துவர் 'எக்ஸாசர்பேட்டிங் ஃபேக்டர்ஸ்' என்ன என்று கேட்டால், எது செய்தால் தொந்தரவு அதிகமாகிறது என்று கேட்கிறார். நடந்தாலா, படுத்தாலா, குளிர் காற்று பட்டாலா என்று சொல்லுங்கள். எப்படி வந்தது என்ற கதை வேறு கேள்விக்கு உரியது.

படி 8: எங்கே வேண்டாம்?

நேர்ப்பேச்சில் அநேகமாக வேண்டாம். கார் சக்கரம் சேற்றில் சிக்கியிருக்கும்போது, ஓட்டுநரிடம் 'நீங்கள் இதை எக்ஸாசர்பேட் செய்கிறீர்கள்' என்று ஆங்கிலத்தில் சொன்னால் சண்டை வரும். 'யூ ஆர் மேக்கிங் இட் வொர்ஸ்' போதும். இந்த வினை கட்டுரை, அறிக்கை, செய்தி, மருத்துவம், அலுவலகக் கடிதம் ஆகிய இடங்களுக்கு உரிய உடுப்பு.

ஐஈஎல்டிஎஸ் போன்ற தேர்வுகளுக்குப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 'பெரிய' சொல் என்பதற்காக ஒரே கட்டுரையில் மூன்று இடத்தில் இதை நட்டுவைக்காதீர்கள். ஒரு இடத்தில் சரியான செயப்படுபொருளோடு வந்தால் அது தெரியும். மற்ற இடங்களில் 'வொர்ஸன்', 'டீப்பன்', 'இன்டென்சிஃபை' என்று மாற்றிக்கொள்ளலாம். நெருக்கடி 'டீப்பன்' ஆவதும் சண்டை 'எஸ்கலேட்' ஆவதும் காதுக்கு இயல்பாகவே இருக்கும்.

படி 9: தமிழுக்குக் கொண்டுவரும்போது

செய்திகளில் இதற்கு 'மேலும் மோசமாக்கியது' என்று ஒரே அச்சில் வார்த்துவிடுகிறார்கள். தவறில்லை, ஆனால் சோம்பேறித்தனம். நம்மிடம் எதை மோசமாக்குகிறோம் என்பதைப் பொறுத்து வெவ்வேறு வினைகள் இருக்கின்றன. வலியைக் *கூட்டும்*. பகையை *வளர்க்கும்*. பதற்றத்தை *அதிகரிக்கும்*. சிக்கலை *இறுக்கும்*. பழைய புண்ணைக் *கிளறும்*. காயத்தைக் *கீறிவிடும்*. ஏற்றத்தாழ்வை *ஆழமாக்கும்*. மூலத்தில் ஒரே வினை என்பதற்காகத் தமிழிலும் ஒரே வினையைத் திரும்பத் திரும்பப் போட வேண்டிய கட்டாயம் இல்லை.

எதிர்த்திசையிலும் இதே கவனம் வேண்டும். 'பிரச்சினை முற்றிவிட்டது' என்பதை ஆங்கிலமாக்கும்போது எக்ஸாசர்பேட் வராது, அது 'ஆயிடுச்சு' வகை. 'போதாக்குறைக்கு மழை வேறு' என்று நாம் சொல்வதற்கு ஆங்கிலத்தில் 'டு மேக் மேட்டர்ஸ் வொர்ஸ்' என்ற தயார் தொடர் இருக்கிறது. அதை விட்டுவிட்டு 'டு எக்ஸாசர்பேட்' என்று தொடங்க வேண்டியதில்லை.

படி 10: கை பழக ஐந்து வாக்கியங்கள்

கீழே உள்ளவற்றை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். எங்கே எக்ஸாசர்பேட் வரும் என்று முதலில் நீங்களே முடிவு செய்துவிட்டு என் பதிலைப் பாருங்கள்.

'உரத்த சத்தம் அவருடைய தலைவலியை அதிகமாக்கியது.' வரும். முன்பே வலி இருக்கிறது, 'எதை?'க்குப் பதில் இருக்கிறது: 'த லௌட் நாய்ஸ் எக்ஸாசர்பேட்டட் ஹிஸ் ஹெட்ஏக்.'

'இரவில் அவருடைய உடல்நிலை மோசமடைந்தது.' வராது. யாரும் மோசமாக்கவில்லை, தானாக மோசமடைந்தது. 'டிடீரியரேட்டட்' போதும்.

'அவன் கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்டு என் உயிரை வாங்கினான்.' வராது. பின்னால் ஆள் வருகிறார், அது எக்ஸாஸ்பரேட்டின் வீடு.

'மழை இல்லாததாலும், நிலத்தடி நீரை உறிஞ்சியதாலும் வறட்சி இன்னும் கடுமையானது.' இது கொஞ்சம் ஏமாற்றும். 'கடுமையானது' என்று முடிவதால் 'ஆயிடுச்சு' வகை போலத் தெரிகிறது. ஆனால் காரணங்கள் வாக்கியத்திலேயே இருப்பதால் செயப்பாட்டு வினையாக்கி 'வாஸ் எக்ஸாசர்பேட்டட் பை' போடலாம். அதிலும் இரண்டாவது காரணத்துக்கு மட்டும் போடுவதே நல்லது. மழை இல்லாததுதான் வறட்சி, அது எப்படித் தன்னையே கூட்டிக்கொள்ளும்? நீரை உறிஞ்சியதுதான் கொள்ளியில் ஊற்றிய எண்ணெய்.

கடைசி வாக்கியம்: 'தாமதத்தால் நிலைமை மோசமாகிவிட்டது.' இதற்கு விடை நான் எழுதவில்லை. நான்காம் படியில் இரண்டு விதமாக இருக்கிறது. ஒரு பென்சிலை எடுத்து 'எதை?' என்று பக்கத்தில் எழுதிவிட்டுத் தொடங்குங்கள்.